உங்களுக்குத் தெரியுமா? வீடு மறக்காத புறா

ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், பால்கனியில் கட்டிய புறா வலைதான் முதலில் கண்ணில் படும். அதே ஹைதராபாத்தின் சார்மினார் பக்கத்து மொட்டை மாடிகளில் ஆசை ஆசையாய்ப் புறா வளர்க்கிறார்கள். வலைக்கு வெளியே நிற்பதும் கூண்டுக்குள் வளர்வதும் ஒரே இனம்தான்: மாடப்புறா. நகரத்துப் புறாக்களில் பெரும்பாலானவை என்றோ வளர்ப்பிலிருந்து விலகிப்போனவற்றின் வாரிசுகள்.

● முகலாயப் பேரரசர் அக்பரிடம் 20,000-க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததாக அவரது அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். புறா பறக்கவிடும் கலைக்கு அக்பரின் அவையில் வழங்கிய பெயர் 'இஷ்க்பாஸி', அதாவது காதல் விளையாட்டு.

● நம்மிடம் இந்த உறவு இன்னும் பழையது. அடைமழையில் இரவா பகலா என்று புரியாமல், இரை தேடவும் போகாமல் வீட்டிலேயே ஒடுங்கி நிற்கும் புறா ஜோடியைச் சங்க நூலான 'நெடுநல்வாடை' காட்டுகிறது. கோயில் கட்டடக் கலையில் கூரை விளிம்புக்குப் பெயரே 'கபோதம்'. கபோதம் என்றால் புறா.

● 1859-இல் வெளிவந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' முதல் அத்தியாயத்திலேயே புறா வந்துவிடுகிறது. அவருக்கு இந்தியப் புறாத் தோல்களை அனுப்பி உதவியவர், சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட்.

● கூடு கட்டும்போது பாருங்கள். பெண் புறா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. ஆண் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவந்து கொடுக்கும். பெண் அதை வாங்கித் தன்னைச் சுற்றிச் செருகிக்கொள்ளும்.

● ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் 2 முட்டை. முதல் முட்டைக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 2 நாள் இடைவெளி. 17, 18 நாளில் குஞ்சு பொரியும். பகலில் சில மணி நேரம் ஆண் அடைகாக்கும். மற்ற நேரமெல்லாம் பெண்.

● புறாவும் பால் கொடுக்கும்! தாய், தகப்பன் இரண்டின் தொண்டைப் பையிலும் தயிர்க்கட்டி போல ஒன்று ஊறும். குஞ்சு தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் விட்டு அதைக் குடிக்கும்.

● கோழி தண்ணீரை வாயில் அள்ளித் தலையைத் தூக்கி விழுங்கும். புறா தலையைத் தூக்காமல் உறிஞ்சியே குடிக்கும். அதனால் அலகு நன்றாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வையுங்கள்.

● கம்பு, சோளம், பச்சைப்பயறு எல்லாவற்றையும் முழுசாகவே விழுங்கும். அரைப்பது இரைப்பையின் வேலை. அதற்குப் பொடிக்கல் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் தூளும் சேர்த்து வையுங்கள்.

● 1948-இல் சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்கு நேரு செய்தி அனுப்பியது ஒடிசா காவல்துறையின் ஹோமர் புறா (எங்கே விட்டாலும் தன் கூண்டுக்குத் திரும்பும் வகை) மூலம்தான். வெயிலின் திசை, பூமியின் காந்தப்புலம், காற்றில் வரும் வாசனை எனப் பலவற்றைக் கொண்டு புறா வீட்டைக் கண்டுபிடிக்கிறது.

● வளர்ந்த புறாவை விலைக்கு வாங்கித் திறந்துவிட்டால் பழைய வீட்டுக்கே போய்விடும். புதிதாக வளர்ப்பவர்கள் குஞ்சாக வாங்குவதே நல்லது.

● காய்ந்த எச்சத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசம் இல்லாமல் கூண்டைக் கூட்டாதீர்கள். எச்சத்தை லேசாக நனைத்துக்கொண்டு சுரண்டினால் தூசி பறக்காது.

● பராமரிக்க முடிகிற அளவுக்கு மட்டும் பெருக்குங்கள். முட்டை இட்டதும் எடுத்துவிட்டுப் போலி முட்டை வைத்தால் ஜோடி அதையே அடைகாக்கும். குஞ்சு பெருகிய பிறகு, 'எங்காவது பிழைத்துக்கொள்ளும்' என்று தொலைவில் கொண்டுபோய் விடுவது பெரும் பாவம். கூண்டில் பிறந்த புறாவுக்குத் தெரிந்த ஒரே வழி, உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும் வழிதான்.