தோரின் சுத்தியல்: மார்வெல் சொல்லாத கதை

'தகுதி' இருக்கிறவங்க மட்டும்தான் தோரோட சுத்தியலைத் தூக்க முடியும். இது மார்வெல் கதை. பழைய நார்ஸ் கதைகளில் அப்படியொரு நிபந்தனையே கிடையாது. த்ரிம் என்ற அரக்கன் அதைத் திருடி மண்ணுக்குள்ள புதைச்சு வெச்சான். பதிலுக்கு ஃப்ரேயா தேவியைக் கட்டிவைக்கணுமாம். கடைசியில் தோரே மணப்பெண் வேஷம் போட்டுப் போய்த்தான் மீட்டார். சீரியஸா!

வைக்கிங் மக்கள் இதே வடிவத்தில் தாயத்து கட்டிக்கொண்டார்கள். சுமார் 1,000 தாயத்துகள் கிடைத்தும், 'இது நிஜமாவே சுத்தியல்தானா?' என்ற சந்தேகம் ஆய்வாளர்களிடம் இருந்தது. 2014இல் டென்மார்க்கின் கோபெலெவ் கிராமத்தில் 10ஆம் நூற்றாண்டுத் தாயத்து ஒன்று கிடைத்தது. அதில் ரூன் எழுத்துகளில் பொறித்திருந்தது: 'இது சுத்தியல்'. சுத்தியலைக் குறிக்கும் 'ஹமர்' என்ற சொல்லில் மட்டும் ஒரு எழுத்து மிஸ்ஸிங்!