ரெண்டு உருண்டை சாதம், நமுத்துப்போன கறி... ஹவாய் 'பிளேட் லன்ச்' கடைகளில் வாடிக்கையாளர்கள் நொந்துகொள்வது ஏன்?

ஆர்டர் செய்தது சிக்கன் கட்ஸு. ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த கோழிக்கறி. வண்டிக்கு வந்து பெட்டியைத் திறந்தால், அது ஈர அட்டை மாதிரி வளைகிறது. சாத உருண்டை மேலே விறைத்துக் கிடக்கிறது. மக்ரோனி சாலட்டிலிருந்து வடிந்த தண்ணீர் சாதத்துக்கு அடியில் தேங்கி நிற்கிறது. போதாக்குறைக்கு, முள்கரண்டி வைக்க மறந்துவிட்டார்கள். பில் மட்டும் சரியாக இருக்கிறது.

ஹவாய்த் தீவுகளில் 'பிளேட் லன்ச்' சாப்பிட்டு நொந்துபோனவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பெரிய ஹோட்டலில் சாப்பாடு சுமாராக இருந்தால், 'சரி, கடற்கரையாவது அழகாக இருந்தது' என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். நாலு மேசையும் ஒரு கவுன்ட்டரும் இருக்கிற சாதாரணக் கடையில் ஏமாந்தால் மட்டும் கோபம் ஆறுவதில்லை. காரணம், இந்தச் சாப்பாடு வந்த வழி அப்படி.

கரும்புத் தோட்டத்து கேரியர்

ஹவாயில் வணிகரீதியான கரும்புத் தோட்டம் 1835-ல் கவாய் தீவின் கோலோவா என்ற ஊரில் தொடங்கியது. தோட்டங்கள் பெருகப் பெருக, வேலைக்கு ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1852-ல் சீனர்கள், 1878-ல் போர்ச்சுகீசியர்கள், 1885 முதல் பெரிய அளவில் ஜப்பானியர்கள், 1903-ல் கொரியர்கள், 1906-ல் பிலிப்பினோக்கள். இவர்கள் காட்டுக்கு எடுத்துப்போன மதியச் சாப்பாட்டுத் தூக்குக்கு 'காவ் காவ் டின்' என்று பெயர். நம் வீட்டு அடுக்கு டிபன் கேரியருக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம். கீழ்த்தட்டில் சாதம், மேல்தட்டில் தொட்டுக்கொள்ள ஏதாவது. உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவர் கறியை இன்னொருவர் ருசி பார்த்தார். ஜப்பானிய டெரியாகியும் கொரிய கிம்ச்சியும் பிலிப்பினோ அடோபோவும் ஒரே தட்டுக்கு வந்து சேர்ந்த கதை இதுதான்.

பிறகு, கட்டட வேலை செய்பவர்களையும் துறைமுகத் தொழிலாளர்களையும் தேடி, சாப்பாட்டு வண்டிகள் வந்தன. அதற்கடுத்து, 'டிரைவ் இன்' கடைகள். இன்றும் பெயர்பெற்ற 'ரெயின்போ டிரைவ் இன்' ஹொனலுலுவில் 1961-ல் திறக்கப்பட்டது. அதைத் தொடங்கிய செய்ஜு இஃபுகு, இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். 'எல் அண்ட் எல்' என்ற கடையோ, 1999-ல் கலிஃபோர்னியாவுக்குப் போய் 'ஹவாயன் பார்பிக்யூ' என்று பெயர் வைத்துக்கொண்டு, அமெரிக்கப் பெருநிலம் முழுக்க இந்தத் தட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தட்டில் இருப்பது மாறாத கணக்கு. ஐஸ்க்ரீம் கரண்டியால் அள்ளிவைத்த சாதம் ரெண்டு உருண்டை, மக்ரோனி சாலட் ஓர் உருண்டை, அதோடு ஒரு கறி. சூடாக இருக்கும், வயிறு நிறையும், கைக்கு அடக்கமான விலை. வெயிலில் உழைத்தவனுக்குச் சொன்ன வாக்கு இது. அதில் ஒன்று தவறினால்கூட வாடிக்கையாளருக்குச் சுருக்கென்கிறது.

எது கடையின் தப்பு, எது நம் எதிர்பார்ப்பு?

நியாயமாகப் பார்த்தால், எல்லாப் புகாரையும் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது.

'மக்ரோனி குழைந்துபோயிருக்கிறது' என்பது வெளியூர்க்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை. உண்மையில், அது அப்படித்தான் வேக வேண்டும். இத்தாலியப் பதத்தில் கடிபடுகிற மாதிரி எடுத்தால் மயோனைஸ் உள்ளே ஊறாது. 'சாதம் ஒட்டுகிறது' என்பதும் அப்படியே. இங்கே போடுவது நம் பொன்னி மாதிரி உதிரி அரிசியல்ல. ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் ஜப்பானிய வகை அரிசி. 'காய்கறியே இல்லையே' என்றால், பழைய முறைத் தட்டில் அதற்கு இடமே கிடையாது. 'காரம் இல்லை' என்று நம்மவர்கள் சொன்னால், மேசையில் சில்லி சாஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

இன்னொரு குழப்பம் பெயரில் இருக்கிறது. 'ஹவாய் சாப்பாடு' என்று கேட்டுப் போகிறவர்கள், தீவின் பூர்வகுடிகளின் உணவை எதிர்பார்க்கிறார்கள். சேப்பங்கிழங்கு வகையைச் சேர்ந்த டாரோவை இடித்துச் செய்யும் போய், டாரோ இலையில் பொதிந்து வேகவைக்கும் லாவ்லாவ் எல்லாம் அந்த வரிசை. கட்ஸுவும் டெரியாகியும் தோட்டத் தொழிலாளர் வழி வந்தவை. இதை ஹவாய்க்காரர்கள் 'லோக்கல் ஃபுட்' என்று தனியாகச் சொல்கிறார்கள். காலுவா பன்றிக்கறி இரண்டு பக்கமும் இருக்கும். ஆனால், மண்ணில் குழி வெட்டி, சுட்ட கற்களின் சூட்டில் மணிக்கணக்கில் வேகவைப்பது பழைய முறை. பல கடைகளில் அது அவனில் வெந்து, புகைவாசனைத் திரவத்தால் மணக்கிறது. இதை முன்பே சொல்லாமல் விற்பதில் கடைக்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டு.

அப்புறம், அன்னாசிப்பழம்! 'எதிலுமே அன்னாசி இல்லையே' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அன்னாசி போட்ட 'ஹவாயன் பீட்ஸா' 1962-ல் பிறந்தது கனடாவில். ஹவாய்க்கும் அதற்கும் பெயர்தான் உறவு.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

இனி, உண்மையான தவறுகளுக்கு வருவோம்.

பிளேட் லன்ச்சின் பெரிய எதிரி, அதன் மூடி. கொதிக்கிற சாதத்தையும் இப்போதுதான் பொரித்த கறியையும் ஒரே பெட்டியில் வைத்து மூடினால், கிளம்பும் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. மூடியில் முட்டித் தண்ணீராகி, திரும்பவும் கறி மேலேயே சொட்டுகிறது. மொறுமொறுப்பு போக சில நிமிடங்கள் போதும். கறி மேலேயே கிரேவியையும் ஊற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். டெலிவரி ஆப் வழியாக அரைமணி நேரம் பயணம் செய்து வரும் கட்ஸுவை, சமைத்தவரே அடையாளம் காண மாட்டார்.

அதே பெட்டியில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மக்ரோனி சாலட்டும் இருக்கிறது. அது சூடேறுகிறது, சாதம் ஆறுகிறது. கடைசியில் இரண்டும் வெதுவெதுப்பாகச் சந்திக்கின்றன. இதில் ருசியைத் தாண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிப்படி, குளிர்ந்த உணவை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், சூடான உணவை 57 டிகிரிக்கு மேலேயும் வைத்திருக்க வேண்டும். வெந்த சாதத்தைச் சும்மா வெளியில் வைத்தால், 'பசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியா பெருகி, வாந்தியும் பேதியும் வரலாம். மறுபடி சுட வைத்தாலும் அது ஏற்கெனவே கக்கிய நஞ்சு போகாது. எனவே, 'சாதம் ஜில்லென்று இருந்தது' என்று புகார் சொல்பவரைப் பார்த்து 'இதுக்குப் போயா?' என்று கேட்க வேண்டியதில்லை.

ஹவாய் சுகாதாரத்துறை 2014-ல் ஒரு நல்ல முறையைக் கொண்டுவந்தது. ஆய்வு முடிந்ததும் கடை வாசலில் அட்டை மாட்டுவார்கள். பச்சை என்றால் தேர்ச்சி, மஞ்சள் என்றால் குறைகளைச் சரிசெய்ய வேண்டும், சிவப்பு என்றால் கடை மூடல். மெனுவைப் படிக்கும் முன் அந்த அட்டையைப் படிப்பது வயிற்றுக்கு நல்லது.

பில்லைப் பார்த்ததும் வரும் கோபம்

அடுத்தது பணம். மெனு பலகையில் ஒரு விலை. மக்ரோனிக்குப் பதில் பச்சைக் காய்கறி சாலட் கேட்டால் அதற்குத் தனிக் காசு. வரி சேர்கிறது. பிறகு, கவுன்ட்டர் ஊழியர் திரையை நம் பக்கம் திருப்புகிறார். 'டிப்ஸ் எவ்வளவு? 18 சதவிகிதமா, 20-ஆ?' நாமே வரிசையில் நின்று, நாமே தட்டை எடுத்துக்கொண்டு, நாமே குப்பையைப் போடுகிற கடையில் இந்தக் கேள்வி பலரை உறுத்துகிறது. அதிலும், முன்பு மூடியை முட்டிக்கொண்டிருந்த கறி இப்போது சாதத்தின் ஓரத்தில் ஒதுங்கியிருந்தால், பழைய வாடிக்கையாளர்கள் அதைக் கண்டுபிடிக்க தராசு தேவையில்லை.

கடைக்காரர் பக்கமும் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. கலிஃபோர்னியாவிலிருந்து ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் இருக்கிறது ஹவாய். உணவுப்பொருள்களில் 85 முதல் 90 சதவிகிதம் வெளியிலிருந்து வருகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்ற, அமெரிக்காவில் கட்டிய கப்பல்களையே பயன்படுத்த வேண்டும் என்ற 1920-ம் ஆண்டுச் சட்டமும் செலவை ஏற்றுகிறது. 2022 செப்டம்பர் வரை மணிக்கு 10.10 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலி, 2024 ஜனவரியில் 14 டாலரானது. 2026-ல் 16. அந்தத் தீவில் வாடகை கொடுத்து வாழ்கிற ஊழியருக்கு அதுவே பற்றாக்குறைதான்.

ஆக, விலை ஏறியதைப் புரிந்துகொள்ளலாம். ஆறிய சாதத்துக்கு எந்தக் கப்பலும் காரணமல்ல. அடுப்பிலிருந்து கவுன்ட்டருக்குப் பத்தடி தூரம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்

வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் செய்வது எளிமையானது. கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுகிறார்கள். கறி மாறியிருந்தாலும், சாதம் விறைத்திருந்தாலும் அங்கேயே சொன்னால் பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஹோட்டல் அறைக்குப் போய் போனில் கத்தினால் யாருக்கும் சாப்பாடு கிடைக்காது. கிரேவியைத் தனிக்கிண்ணத்தில் கேட்கலாம். பொரித்த அயிட்டம் என்றால் அங்கேயே சாப்பிடுவது உத்தமம். பார்சல்தான் என்றால், டெரியாகியும் காலுவாவும் பெட்டிக்குள் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை. ரெண்டு உருண்டை சாதம் அதிகம் என்று தோன்றினால், பல கடைகளில் ஓர் உருண்டை மட்டும் வைத்த 'மினி' தட்டு உண்டு.

மதியம் தாண்டிப் போனால் சில கடைகளில் லாவ்லாவ் தீர்ந்துபோயிருக்கும். 'இதையும் புகாரில் சேர்க்கலாமா?' என்றால், வேண்டாம். மிச்சம் மீதியை நாளைக்கு விற்காத கடை அது. மறுநாள் பதினோரு மணிக்கே போய் வரிசையில் நின்றுவிடுங்கள்.