பாட்டில் உன் பேர் எங்கே, தம்பி?

கடந்த ஏப்ரல் 14. அரக்கோணத்தை அடுத்த காலனி ஒன்றில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் விழா. கொடியேற்றம் முடிந்ததும் சிறுவர்கள் ஒலிபெருக்கியில் ஒரு ராப் பாட்டைப் போட்டார்கள். நூறு நாள் வேலைக்காக ஏரிக்குப் போய்வரும் அம்மாவைப் பற்றிய பாட்டு. பிள்ளைகள் வரி பிசகாமல் கூடவே பாடினார்கள். “யார் பாட்டு இது?” என்று கேட்டோம். “தெரியல சார், வாட்ஸ்அப்ல வந்துச்சி” என்றார்கள். அதை எழுதிப் பாடியவர் பத்தடி தள்ளி நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவர். லோடு ஏற்றிச் சேர்த்த 3,000 ரூபாயை ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்துப் பாடியிருக்கிறார். கூடத்துக்காரர் தன் யூடியூப் சேனலில் தன் பெயரை மட்டும் போட்டு ஏற்றிவிட்டார். “உன் பேரைப் போடச் சொல்லிக் கேட்கலையா தம்பி?” என்றோம்.

“நம்மள நாமளே சொல்லிக்கினா பீத்திக்கிற மாதிரி இருக்கும்ணா. பாட்டு நல்லா இருந்தா தானா தெரிஞ்சிடும்.”

அவருடைய அப்பா 30 ஆண்டுகளாகச் சாவுக்குப் பறை அடித்தவர். ஊர்த்தெரு அவரை ‘மோளக்காரன்’ என்றுதான் கூப்பிடும். அவருக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிடாத வழக்கம் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்து, இப்போது அடக்கம் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

நல்ல பாட்டு தானாகவே பேர் சொல்லும் என்பது உண்மையல்ல. குறுந்தொகையின் மிக நல்ல பாட்டுகள் சிலவற்றை எழுதியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. பாட்டில் வந்த தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று வைத்துக்கொண்டோம். நம் பாட்டிகள் கட்டிய நடவுப் பாட்டும் ஒப்பாரியும் புத்தகமாகும்போது, அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கும். பாடியவள் பெயர் இருக்காது. அதே தமிழில், திருஞானசம்பந்தர் தன் பதிகங்களின் கடைசிப் பாட்டில் தன் பெயரையும் தன் ஊரான காழியையும் சேர்த்துப் பாடிவைத்தார். அதைத் திருக்கடைக்காப்பு என்று படிக்கிறோம். பீத்தல் என்று யாரும் சொல்வதில்லை. பெயரையும் தெருவையும் சொல்லிப் பாடும் ராப்பும் அதைத்தான் செய்கிறது.

ஹிப்ஹாப் பிறந்த கதையிலேயே விளம்பரம் இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் கூல் ஹெர்க் என்ற கருப்பின இளைஞர் இசைத்தட்டு சுழற்றிய விருந்துதான் அதன் தொடக்கம் என்பார்கள். விருந்தை ஏற்பாடு செய்தவர் அவர் தங்கை சிண்டி. பள்ளிக்கூடம் திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும். சிறு அட்டைகளில் தன் கையாலேயே அறிவிப்பு எழுதி அக்கம்பக்கத்தில் கொடுத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். அவர்களை அழைத்து மேடை தர யாரும் வரவில்லை. அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

நம் முன்னோரும் அப்படித்தான். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய இதழுக்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். பிறர் இழிவாகச் சொன்ன சொல்லைத் தலைப்பில் தூக்கி வைத்தார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். நம்மைப் பற்றி நாமே சொல்லாவிட்டால் பிறர் சொல்வதே நிற்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

நம் அரக்கோணத்து அறிவையே எடுத்துக்கொள்வோம். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடியவர், 2019இல் ஆஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டவர். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை உலகமே கேட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எழுந்த பாட்டு அது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அந்தப் பாட்டின் பெருமை பேசப்பட்டது. அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகே இதழ் அவருக்குத் தனி இணைய அட்டை வெளியிட்டது. 2022இல் யார் என்ன செய்தார்கள் என்பதில் பாட்டில் பங்குபெற்றவர்களே பொதுவெளியில் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் கலைஞர்களுக்கு வருமானமே வரவில்லை என்றார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே இந்த நிலை என்றால், காலனிப் பையனின் பாட்டுக்கு யார் காவல்?

நாமேதான். தம்பி, தங்கைகளே, சில வேலைகளைப் பாட்டு வெளிவருமுன் செய்துவிடுங்கள்.

ஒரு மேடைப் பெயரை முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். பெயரையும் ஊரையும் பாட்டுக்குள்ளேயே பாடிவிடுங்கள். பாட்டு வாட்ஸ்அப்பில் எங்கே போனாலும் பெயரும் கூடவே போகும். சேனல் உங்களுடையதாக இருக்கட்டும். அதன் கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். இணையத்தில் ‘இலவசம்’ என்று கிடைக்கும் பீட்டின் நிபந்தனையைப் படிக்காமல் எடுக்காதீர்கள். பாட்டு ஓடத் தொடங்கியதும் பீட் செய்தவர் வருமானத்தை உரிமை கோரலாம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியதுமே வரிகள் எழுதியவருக்குச் சொந்தம், பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்து கொடுத்ததால் மட்டும் அவை கூடத்துக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. உரிமையைக் கைமாற்ற, கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். எத்தனை ஆண்டு என்று அதில் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றே கணக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையைக் கொடுத்தாலும் பாடலாசிரியருக்கு உரிய ராயல்டி பங்கை எழுதி வாங்கிவிட முடியாது. எழுதியது யார், இசை யார், பங்கு எவ்வளவு என்று நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கூட்டாளி நண்பனாக இருந்தாலும் எழுதுங்கள். நட்பும் பிழைக்கும்.

பிறகு மேடை. ஏப்ரல் 14 விழா, கல்லூரி விழா, நூலகக் கூட்டம் எதுவும் சிறிதில்லை. பாடி முடித்ததும் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு இறங்காதீர்கள். “என் பேர் இது, என் ஊர் இது, பாட்டு இங்கே கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு இறங்குங்கள்.

அந்தத் தம்பி கூடத்துக்காரரிடம் போய்க் கேட்டார். “ஏத்தினது ஏத்தினதுதான்” என்று பதில் வந்தது. அந்த வழக்கை எப்படி நடத்துவது என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் அவர் பள்ளி மைதானத்தில் செல்போனிலேயே புதுப்பாட்டு ஒன்றைப் பதிவு செய்துவிட்டார். அப்பாதான் பறை அடித்திருக்கிறார். முதல் வரியில் தன் பெயர், ஊர், அப்பாவின் பெயர்.

“என் பேர எதுக்குடா போட்ட?” என்று அப்பா திட்டினாராம். திட்டிவிட்டு, இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாராம்.