பொருநைக் கரையிலிருந்து வானுக்கு

சொந்தமாக மகிழுந்து வைத்திருப்பவரைக் கண்டு இன்று எவரும் வியப்பதில்லை. ஆனால் ஒருவர் தமக்கென ஒரு வானூர்தியை வைத்துக்கொண்டு, ஊதியத்துக்காக அன்றி, பறக்க வேண்டும் என்னும் வேட்கை ஒன்றுக்காகவே விடுமுறை நாள்களில் வானில் உலா வருகிறார் என்றால் நாம் சற்றே நின்று கேட்கிறோம். அமெரிக்க நாட்டில் இத்தகைய தனியார் விமானிகள் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உளர். நம் நாட்டிலோ மிகச் சிலரே. அச்சிலரும் பெருநகரச் செல்வர்களாகவே இருப்பர் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிய நிகழ்ச்சி ஒன்று 2014ஆம் ஆண்டில், அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாற்றில், நம் தாமிரபரணிச் சமவெளியின் தலைவாயிலிலேயே நிகழ்ந்தது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கம். அதற்கு முன் இவ்வேட்கையின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

தமிழ் பயிலும் மாணவர்க்குச் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. எனினும் ஒன்றைச் சுட்டலாம். அப்பொறி போருக்காகச் செய்யப்பட்டதன்று. கருவுற்ற விசயைக்கு வான்மீது ஊர்ந்து விளையாடும் ஆசை எழுந்தது. அதனை நிறைவேற்றவே சச்சந்தன் அதனைச் செய்வித்தான். துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு ஆகியவற்றைக் கொண்டு ஏழு நாளில் கம்மியன் அதனை முடித்தான் என்கிறார் திருத்தக்கதேவர். விசையை வலப்புறம் திருகினால் எழும். இடப்புறம் திருகினால் இறங்கும். அரசி தானே அதனை இயக்கினாள். ஆகவே பொழுதுபோக்கு விமானி என்னும் கருத்து நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. துணியும் நூலும் என்ற குறிப்பை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். பின்னர் அது பயன்படும்.

இலக்கியத்தில் மட்டுமன்றி வரலாற்றிலும் இவ்வேட்கை தொன்மையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் என்னும் அறிஞர், உடலில் இறகுகளைப் போர்த்து, இரு இறக்கைகளைப் பூட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பறந்தார் என்றும், சிறிது தொலைவு சென்றபின் இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும், பல நூற்றாண்டுகள் கழித்து அல்மக்கரீ எழுதிய அந்தலூசிய வரலாறு கூறுகிறது. பறவை இறங்குகையில் வாலைப் பயன்படுத்துவதை அவர் கருதவில்லை என்று அவ்வரலாறு காரணமும் காட்டுகிறது. வாலின்றி விமானம் நிலைகொள்ளாது என்பதை அறியப் பொறியியல் நூல்கள் வரும்வரை உலகம் காத்திருக்கவில்லை என்பது இதனால் தெரிகிறது.

இந்தியாவில் இந்நாட்டிலேயே தேறி முதல் விமானி உரிமம் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா, நாள் 1929 பிப்ரவரி 10. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியர்க்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்தார். 1930இல் டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கியும், ஆஸ்பி இஞ்சினியர் என்னும் இளைஞர் இலண்டனிலிருந்து கிழக்கு நோக்கியும் பறந்தனர். எகிப்தின் அபூகீரில் இருவரும் சந்தித்தனர். எரிபொறிச் செருகி இன்றி ஆஸ்பி அங்கே தங்கிக் கிடந்தார். தம்மிடம் மிகுதியாக இருந்ததை டாட்டா எடுத்துக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்கே சென்றது. போட்டியாளர்க்கு உதவித் தோற்ற இச்செய்தியை விளையாட்டு வீரர்களாகிய நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அந்த ஆஸ்பி பின்னாளில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார்.

தமிழரிடையே கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியாரைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழ் பெற்றவர் அவர். போருக்குப் பின் ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. காரைக்குடியில் அவர் நிறுவிய கல்லூரிகள் நிலைத்தன. நம் பொதிகைக்கு மறுபுறத்தில், திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்ம ராஜா சென்னைப் பறத்தல் கழகத்தில் பயின்று வந்து, 1932இல் திருவனந்தபுரத்தில் ஒரு பறத்தல் கழகத்துக்குக் கால்கோள் செய்தார். ஒருவரது பொழுதுபோக்கிலிருந்தே இன்றைய திருவனந்தபுரம் விமான நிலையம் வளர்ந்தது. அவரே 1971இல் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார்.

மேற்கூறியோர் அனைவரும் செல்வர் அல்லது செல்வாக்குடையோர். இனி நாம் கூறப்போகும் சஜி தாமஸ் அவ்விரண்டும் இல்லாதவர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தொடுபுழை வட்டாரத்தைச் சேர்ந்தவர். பிறவியிலேயே செவித்திறனும் பேச்சும் வாய்க்கப் பெறாதவர். பள்ளிப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. இளமையில், இரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைக் கண்டார். அதன் ஒலி அவருக்குக் கேட்டிராது. உருவம் மட்டும் மனத்தில் பதிந்தது. அங்கு அறிமுகமான விமானிகளைத் தேடிப் பதினைந்து வயதளவில் மும்பைக்குப் புறப்பட்டுச் சென்றார் என்பர். மின்பணியும் நிழற்படத் தொழிலும் செய்து ஈட்டிய பொருளைக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தம் வீட்டருகே இருவர் அமரும் இலகுரக விமானம் ஒன்றைத் தம் கைகளாலேயே உருவாக்கினார்.

விமானம் ஆயிற்று, பறக்க இடம் வேண்டுமே! மலையும் தோட்டமும் நிறைந்த இடுக்கியில் சமதரை ஏது? ஓய்வு பெற்ற விமானப் படை அதிகாரியாகிய விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் மணிமுத்தாற்றில் பறத்தல் பயிற்சிக்கூடம் அமைத்திருந்தார். விமானம் அங்கே கொண்டுவரப்பட்டது. 2014இல் நாயர் அதனை ஓட்டி வானில் ஏற்றினார். ஏழாம் வகுப்புப் படித்த ஒருவர் தாமே கற்றுச் செய்த பொறி பொதிகையடிவாரத்தில் பறந்தது. அவர் வாழ்வைத் தழுவி 2017இல் ‘விமானம்’ என்னும் மலையாளத் திரைப்படமும் வெளிவந்தது. திரைப்படம் வந்தபின்னும் அது முதலில் பறந்த ஊர் நம் மாவட்டத்து மணிமுத்தாறு என்பதை நம்முள் பலர் அறியார்.

இவ்வகை விமானம் எவ்வாறு அமைந்துள்ளது? அலுமினியக் குழாய்களை இணைத்து எலும்புக்கூடு செய்கின்றனர். அதன்மேல் டாக்ரான் என்னும் வலிய செயற்கைத் துணியை இழுத்துத் தைத்துப் போர்த்துகின்றனர். மயிற்பொறிக்குச் சொல்லப்பட்ட துணியும் நூலும் இங்கு மீண்டும் வருவதைக் காண்க. இந்திய விதிகளின்படி மைக்ரோலைட் எனப்படும் வகையின் எடை, ஆளும் எரிபொருளும் உள்பட 450 கிலோவுக்கு மிகலாகாது. ஒரு சிற்றுந்தின் எடையில் பாதியளவே இது. இயந்திரம் பெரும்பாலும் ரோட்டாக்ஸ் போன்ற சிறு பொறி. ஏறத்தாழ 65 குதிரைத் திறன். பெங்களூரின் ராஜ் ஹம்சா நிறுவனம் இவ்வகை விமானங்களைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பியுள்ளது.

இறக்கையின் மேற்புற வளைவும், காற்றை அது எதிர்கொள்ளும் சாய்வும் சேர்ந்து காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றன. அதன் எதிர்விளைவாக இறக்கை மேல்நோக்கித் தாங்கப்படுகிறது. வேகம் குறைந்தால் விமானி மூக்கை உயர்த்திச் சாய்வைக் கூட்டி ஈடு செய்யலாம். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் சாய்த்தால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகிவிடும். தாங்கும் ஆற்றல் திடீரெனக் குறையும். அப்போது மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்பதே வழி. கீழே விழுகையில் மேலும் கீழ்நோக்கித் திருப்புவது மனித இயல்புக்கு மாறானது. அதனாலேயே பயிற்சி வேண்டப்படுகிறது. உயரம் போதாத இடத்தில் வித்தை காட்டுவோர்க்கு அதற்கும் நேரம் இராது. 1980 ஜூன் 23இல் தில்லியில் சஞ்சய் காந்தி இறந்தது சிறு விமானத்தில் சாகசம் செய்கையில்தான்.

நம் பகுதியின் காற்று தனித்தன்மை உடையது. ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது நம்மவர் வழக்கு. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே குவிந்து பாய்வதனாலேயே முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் பெருகின. மின்சாரத்துக்கு நன்மை செய்யும் அதே காற்று சிறு விமானத்துக்குப் பகை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம், 40 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் தரையைப் பொறுத்து 50 கிலோமீட்டரே நகரும். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு அரைமணிக்குள் சேர வேண்டியவர் அரைமணியும் கடந்து பறப்பார், எரிபொருளோ அளவானது. இதைவிடக் கொடியது மலையின் மறைவில் தோன்றும் சுழல். மேற்கிலிருந்து மலையைத் தாண்டும் காற்று, ஆற்றில் பாறையைத் தாண்டும் வெள்ளம் போலக் கீழே மடிந்து புரள்கிறது. மணிமுத்தாறு அம்மலையின் கிழக்கடிவாரத்தில் உள்ளது. ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் அங்கே பறப்பது அறிவுடைமை ஆகாது. தை, மாசி மாதங்களின் விடியற்காலையே உகந்தது. வெயில் ஏறி நிலம் சூடாவதற்குள் இறங்கிவிடுதல் வேண்டும்.

ஒற்றைப் பொறி விமானத்தை ஓட்டுபவர் எந்நேரமும் ஒரு கேள்வியைத் தம்முள் கேட்டுக்கொண்டே இருப்பார்: பொறி இப்போது நின்றால் எங்கே இறங்குவது? நீர் நின்ற நெல்வயலில் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். வாழைத் தோட்டமும் பனங்காடும் உதவா. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியில் மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் வற்றிய குளத்துப் படுகை ஓரளவு ஏற்றது. ஐப்பசிக்குப் பின் அதுவும் இல்லை. நிலத்தை உழவர் பார்க்கும் கண்ணால் விமானியும் பார்க்க வேண்டியுள்ளது! இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதை கயத்தாற்றில் பயனின்றிக் கிடக்கிறது. பயணிகள் விமானம் வந்து செல்வது வாகைக்குளத்தில். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி உந்துவிசை வளாகம், விஜயநாராயணம் கடற்படை நிலையம் ஆகியன சூழ இருப்பதால் நினைத்த திசையில் பறக்கவும் இயலாது.

சட்டம் கேட்பவை யாவை? பதினாறு வயதில் மாணவ விமானி உரிமம் பெறலாம். பதினேழு வயது நிரம்பிப் பத்தாம் வகுப்புத் தேறியவர், குறைந்தது 40 மணி நேரம் பறந்து, எழுத்துத் தேர்விலும் மருத்துவத் தேர்விலும் வென்றால் தனியார் விமானி உரிமம் பெறுவார். அவ்வுரிமத்தைக்கொண்டு கூலி பெற்று எவரையும் ஏற்றிச் செல்லல் கூடாது. விமானத்தைப் பதிவு செய்து, ‘வி.டி.’ எனத் தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியை அதன்மேல் பொறிக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. செலவைப் பொறுத்தவரை, விமானத்தின் விலையைவிட அதை நிறுத்தும் கொட்டகை, ஆண்டாய்வு, காப்பீடு ஆகியவையே ஆளை இளைக்கச் செய்யும். சிறு பொறிகள் பலவற்றுக்கு வேண்டிய அவ்காஸ் என்னும் தனிப் பெட்ரோலை இந்தியா நெடுங்காலம் இறக்குமதியே செய்து வந்தது. 2022இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்பை அறிமுகம் செய்தது.

மேலே மருத்துவத் தேர்வு என்றோம். அதில் செவித்திறனும் சோதிக்கப்படுகிறது. விமானி வானொலியில் தரை நிலையத்தோடு பேசவும் கேட்கவும் வேண்டியிருப்பது காரணம். எனவே விமானத்தைச் செய்தவரின் கைகள் எத்துணைத் தேர்ந்தவையாயினும், அவர் தனித்துப் பறப்பதற்கு முன்னே அத்தேர்வு நிற்கிறது. விதி கண்மூடித்தனமானது என்று நாம் கூறமாட்டோம். நெரிசல் மிக்க விமான நிலையத்தில், எச்சரிக்கையைக் கேளாத விமானி தமக்கும் பிறர்க்கும் இடர் விளைவிக்கக்கூடும். எனினும் வானொலி தேவைப்படாத வெட்டவெளிகளும் உள அல்லவா? அமெரிக்காவில் செவிப்புலன் அற்றோர்க்கு, வானொலி இன்றியமையாத பறத்தலுக்கு இவ்வுரிமம் செல்லாது என்னும் வரம்போடு உரிமம் வழங்குகின்றனர். ருலின் தாமஸ் என்னும் காது கேளாத விமானி 1947இல் அந்நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை தனியே பறந்தார். அவருக்கும் முன்னர், 1911இல் முதன்முதலாக அந்நாட்டைக் குறுக்காக வானில் கடந்த கால்பிரெய்த் ராட்ஜர்ஸ், இளமைக் காய்ச்சலால் செவித்திறனைப் பெரிதும் இழந்தவர். செப்டம்பர் 17இல் நியூயார்க்கில் எழுந்தவர், வழியெல்லாம் விழுந்தும் செப்பனிட்டும் நவம்பர் 5இல் கலிபோர்னியாவின் பசடேனாவில் இறங்கினார். அவர் ஓட்டியதும் மரச்சட்டத்தில் துணி போர்த்திய விமானமே.