கடல் கருவியைக் கழுவி வையுங்கள்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது, நிதானமாகக் கேளுங்கள். கடலுக்குள் இறங்கும் அளவுகருவிகளை ஆழம்தான் கெடுக்கிறது என்று நினைக்கிறோம். பாதிக் கேடு கப்பலின் மேல்தளத்திலேயே நடந்துவிடுகிறது.

சிடிடி என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளப்பது. உப்பை அது நேராக அளப்பதில்லை. பிளாட்டின மின்முனைகள் கொண்ட ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் கடல்நீர் ஓடும். அந்த நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து உப்புத்தன்மையைக் கணக்கிடுவார்கள். குழாயின் உள்ளளவு மாறாது என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. உள்ளே மெல்லிய பாசி படிந்தாலும் குழாய் குறுகும். உப்பு குறைவாகத் தெரியும்.

‘இத்தனை நுணுக்கம் எதற்கு?’ என்று கேட்கலாம். கடல்நீரின் சராசரி உப்புத்தன்மை ஆயிரத்துக்குச் சுமார் 35. இதே சிடிடியைச் சுமந்து கடலில் தானாக மிதக்கும் ஆர்கோ மிதவைகளுக்கு வைத்திருக்கும் துல்லிய இலக்கு 0.01, அதாவது மூவாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வரும் அந்த மிதவைகளை, பெரும்பாலும் யாரும் திரும்ப எடுப்பதில்லை. அனுப்பும் முன் செய்த பராமரிப்புதான் கடைசிவரை துணை.

கப்பலுக்குத் திரும்பி வரும் சிடிடியை வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. கடல்நீர் உலர்ந்தால் உப்பு மின்முனைகளில் படிகமாகிவிடும். உடனே குழாய்க்குள் சுத்தமான நன்னீரை ஓடவிட வேண்டும். பிரஷ், குச்சி, விரல் எதையும் உள்ளே விடக் கூடாது. கம்ப்ரசர் காற்றும் வேண்டாம். அதில் எண்ணெய்த் துளிகள் வரும்.

அடுத்தது ஓ-ரிங், கருவியின் மூடியை அடைக்கும் ரப்பர் வளையம். குக்கர் காஸ்கெட் போலத்தான்; ஆனால் குக்கரில் ஆவி வெளியே வரப் பார்க்கும், இங்கே கடல் உள்ளே வரப் பார்க்கும். 2,000 மீட்டரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம். வளையத்தின் மேல் ஒரு தலைமுடி கிடந்தாலும் நீருக்கு வழி கிடைத்துவிடும். விரலால் தடவிப் பாருங்கள். சிலிக்கோன் கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால் வளையம் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழும். அந்த இடத்தில் எந்த வளையமும் நீரைத் தடுக்காது.

ஒருவேளை நீர் புகுந்துவிட்டால் அவசரப்பட்டு மூடியைத் திறக்காதீர்கள். ஆழத்து அழுத்தம் உள்ளேயே அடைபட்டிருக்கலாம். லித்தியம் பேட்டரி நனைந்து வாயுவும் சேர்ந்திருக்கலாம். மூடி துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். அதன் எதிரே யாரும் நிற்கக் கூடாது.

தினமும் கழுவ முடியாமல் கடலிலேயே நிற்கும் கருவிகளும் உண்டு. வங்காள விரிகுடாவில் நங்கூரமிட்ட மிதவைகளைச் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் பராமரிக்கிறது. மாதக்கணக்கில் வெதுவெதுப்பான நீரில் நிற்பவை அவை; பாசியும் கொட்டலசும் அப்பிக்கொள்ளும். அதனால்தான் சென்சார்களைச் சுற்றிச் செம்புக் கவசம் வைப்பது கடல் ஆய்வில் வழக்கம். செம்பில் உயிரினங்கள் எளிதில் ஒட்டுவதில்லை.

செத்த கருவி எண் எதையும் தராது, எல்லோருக்கும் தெரிந்துவிடும். அழுக்கடைந்த கருவி நம்பும்படியான பொய்யைத் தந்துகொண்டே இருக்கும். ஆகவே கழுவிய தேதி, வளையம் மாற்றிய தேதி, அளவுத்திருத்தம் செய்த தேதி மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத எண்ணை ஆய்வுக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.