எண்கள் சொல்லும் பந்து வீச்சு

கண்டரமாணிக்கமானாலும் சென்னையானாலும், சிறந்த பந்து வீச்சாளர் யார் என்ற வழக்கு பிள்ளைகளிடையே ஓயாது. எண்களைக் கேட்போமா?

டெஸ்ட் ஆட்டங்களில் இலங்கையின் முத்தையா முரளிதரன் 44,039 பந்துகள் வீசி, 18,180 ஓட்டங்கள் கொடுத்து, 800 விக்கெட்டுகள் எடுத்தார். 2024இல் ஓய்வு பெற்ற சென்னை அஸ்வின் 27,246 பந்துகளில் 12,891 ஓட்டங்கள் கொடுத்து எடுத்தவை 537.

ஓட்டங்களை விக்கெட்டுகளால் வகுத்தால் வருவது சராசரி. முரளிக்கு 22.7, அஸ்வினுக்கு 24. சிறிய எண்ணே சிறந்தது, எனவே முரளி! அவசரப்படாதீர்கள். பந்துகளை விக்கெட்டுகளால் வகுத்துப் பாருங்கள்: முரளிக்கு 55, அஸ்வினுக்கு 51. ஓட்டம் கொடுப்பதில் முரளி கஞ்சர். ஆட்டக்காரரை வெளியேற்றுவதில் அஸ்வின் விரைவு. கடைசி நாள், நேரமும் குறைவு என்றால் நான் அஸ்வினிடமே பந்தைக் கொடுப்பேன்.

உங்கள் குழுவுக்கும் இக்கணக்கைப் போடலாம். ஆனால் ஒரே ஓவர் வீசி 2 விக்கெட் எடுத்தவருக்கு விடை 3 என்றல்லவா வரும்? சில நூறு பந்துகளாவது சேரட்டும்.