கடல் கடந்த கதைகள் – 14: தயங்கி வந்த காதல்

1752-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், துறைமுகமே இல்லாதிருந்த சென்னைக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலொன்றில் ஃபிலடெல்ஃபியா ஆஸ்டென் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் வந்து சேர்ந்தாள். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, லண்டனில் தொப்பி தைக்கும் தொழில் பழகிய அவளுக்குச் சீதனம் கொடுக்க எவரும் இல்லை. சீதனமற்ற ஆங்கிலப் பெண்கள் கம்பெனி உத்தியோகஸ்தர் எவரையேனும் மணப்பதற்கென்றே கடல் தாண்டி வந்த காலம் அது. வந்திறங்கிய ஆறேழு மாதங்களுக்குள், கடலூர் புனித டேவிட் கோட்டையில் வைத்தியராயிருந்த ஹான்காக் என்பவருக்கு அவள் வாழ்க்கைப்பட்டாள். அந்த விவாகத்தில் விருப்பம் எவ்வளவு, வேறு போக்கிடமின்மை எவ்வளவு என்று பிரித்துக் காண்பது அரிது.

இவளுடைய தம்பியின் மகள்தான் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டென். மனமொப்பாமலே வங்காளத்துக்குக் கப்பலேற்றி மணம் முடிக்கப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணைத் தம் பதினாறாம் வயதுக் கதையொன்றில் அவர் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்தால், அத்தையின் சரித்திரம் அவர் நெஞ்சில் எத்தனை ஆழமாகத் தைத்திருந்தது என்பது விளங்கும். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சித்தம் பேதலித்துப் போக, அவர் குமாரர் பிரதிநிதியாயிருந்து ஆட்சி நடத்தத் தொடங்கிய 1811-இல், ஆசிரியரின் பெயரே இல்லாமல், 'ஒரு சீமாட்டி எழுதியது' என்ற குறிப்போடு மட்டும் அவருடைய முதல் நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' வெளிவந்தது. தந்தை இறந்ததும் வீடும் நிலமும் மூத்த தாரத்து மகனுக்குப் போய்விட, தாயும் மூன்று பெண்களும் ஆண்டுக்கு 500 பவுன் வருமானத்தோடு வெளியேறுகிறார்கள். அவர்களுள் நடுப்பெண்ணாகிய பதினேழு வயது மரியானை, முப்பத்தைந்து வயதான கர்னல் பிராண்டன் நேசிக்கிறார். கீழ்த்திசை நாடுகளில் சேவை செய்து திரும்பியவர் அவர். அவளோ, வாத நோய்க்கு அஞ்சிக் கம்பளி உள்ளாடை தேடும் கிழவர் என்று அவரை ஒதுக்கிவிட்டு, அழகும் வாக்குச் சாதுரியமும் மிக்க வில்லபியிடம் மனத்தைப் பறிகொடுத்து, ஏமாந்து, நோயில் வீழ்ந்து எழுந்த பின்னரே, மெல்ல மெல்லக் கர்னலின் பக்கம் திரும்புகிறாள்.

இந்தக் கதைதான் 2000-ஆம் ஆண்டில், ராஜீவ் மேனனின் இயக்கத்திலும் எழுத்தாளர் சுஜாதாவின் வசனத்திலும் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆயிற்று. இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை காரைக்குடிச் சீமையின் பெரிய வீடாகவும், பிராண்டன் போர்க்களத்தில் காலை இழந்து ஊர் திரும்பிப் பூத்தோட்டம் வளர்க்கும் பாலாவாகவும் உருமாறினர். தகப்பனாரைக் கடைசிவரை கண்போல் பார்த்துக்கொண்ட மகளிருக்க, சொத்து மகனுக்குப் போகிறது என்று உயில் வாசிக்கப்படும் இடத்தைப் பார்க்கும் தமிழ்த் தாய்மார்களுக்கு, இது அந்நிய தேசத்துக் கதை என்ற எண்ணம் எங்ஙனம் எழும்? பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்னும் சட்டத் திருத்தமே தமிழ்நாட்டில் 1989-இல்தானே நடைமுறைக்கு வந்தது!

ஆயினும் படம் மூலத்தைவிட்டு விலகும் இடமே என் சிந்தையைப் பெரிதும் கவர்வது. வீட்டை இழந்த ஆஸ்டெனின் பெண்கள் உறவினர் ஒருவரின் தயவால் ஒரு குடிலில் அடைக்கலம் புகுகிறார்கள். ராஜீவ் மேனனின் பெண்களோ சென்னைக்கு வருகிறார்கள். மூத்தவள் சௌம்யா பல இடங்களில் நேர்காணலுக்குச் சென்று, கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் டெலிபோன் ஆபரேட்டராக அமர்ந்து, படிப்படியாக உயர்கிறாள். இளையவள் மீனாட்சி பின்னணிப் பாடகியாகிறாள். ஏமாற்றத்தின் வேதனையில் மழையில் நடந்து, மூடப்படாத பாதாளச் சாக்கடையில் விழுந்த அவளைக் காப்பாற்றுகிறவர் பாலா என்றாலும், அதன்பின் அவர்பால் அவள் கொள்ளும் அன்பை நன்றிக்கடன் என்றோ நிர்ப்பந்தம் என்றோ எவரும் சொல்ல இயலாது. ஏனெனில் அவள் தன் குரலால் தானே ஜீவிப்பவள், மறுப்பதற்கும் வழியுள்ளவள்.

இத்தகைய வழியைச் சென்னை ஒரே நாளில் திறந்துவிடவில்லை. கடற்கரையோரத்தில் 1914-இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியும், இளம் விதவைகளின் கல்விக்கே தம் ஆயுளை அர்ப்பணித்த சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியில் தோன்றித் தியாகராய நகரில் இன்றும் நடந்துவரும் சாரதா வித்யாலயமும், துர்காபாய் 1937-இல் நிறுவிப் பின்னர் அடையாறில் தழைத்த ஆந்திர மகிளா சபாவும், மயிலாப்பூர்த் தெருக்களில் பெண்கள் லோயரும் ஹையரும் தேறி வேலைக்குப் புறப்பட்ட டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளும் சேர்ந்து, மூன்று தலைமுறைக் காலம் உழைத்து உண்டாக்கிய வழி அது.

காதலில் பெண் காட்டும் தயக்கத்தை நாணம் என்று வருணித்து மகிழ்வது நம் வழக்கம். பெரும்பாலும் அது, தன் வாழ்வை முழுவதும் ஒருவன் கையில் ஒப்படைக்குமுன் அறிவுள்ள எவரும் மேற்கொள்ள வேண்டிய ஆராய்ச்சியே ஆகும் என்பதை ஆஸ்டென் உணர்ந்திருந்தார். அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய அவகாசத்தைச் சொந்தச் சம்பாத்தியம் ஒன்றே பெண்ணுக்கு அளிக்கும். அத்தகைய அவகாசத்துக்குப் பின் அவள் அளிக்கும் சம்மதத்தையே நான் காதல் என்று மதிப்பேன். திருவல்லிக்கேணியிலிருந்து 'ஜகன்மோகினி' நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள் இதே பிரச்சினையை எவ்வாறு அணுகினார் என்பதை அடுத்த வாரம் காண்போம்.